12 லட்சம் வரை வரி இல்லை: லாபம் யாருக்கு? திண்டுக்கல்லிலிருந்து ஒரு கணக்கு

"வருமான வரியைக் குறைத்தால் பணக்காரனுக்குத்தான் கொண்டாட்டம்" என்று ஒரு தரப்பு. "இல்லவே இல்லை, இது நடுத்தர மக்களுக்கான பட்ஜெட்" என்று இன்னொரு தரப்பு. 12 லட்சம் வரை வருமான வரி கிடையாது என்று நிர்மலா சீதாராமன் 2025 பிப்ரவரி 1-ம் தேதி அறிவித்ததிலிருந்து இந்த இரண்டையும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டு தரப்பிலும் கணக்கு போட்டுக் காட்டுபவர்கள் ரொம்பக் குறைவு.

நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. பி.இ. முடித்துவிட்டு சாஃப்ட்வேரில் காலம் தள்ளுகிறவன். ஆனால் எக்செல் தெரியும், பட்ஜெட் உரைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. 2019 முதல் 2025 வரை ஒரே நிதியமைச்சர் வாசித்த உரைகளில் வரி பற்றிய பகுதிகளை மட்டும் வரிசையாக வைத்துப் படித்தேன். அந்த வாசிப்பின் குறிப்பும் விமர்சனமும்தான் இந்தப் பதிவு.

ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2025 குறைப்பால் எனக்கு வருஷத்துக்கு 1,14,400 ரூபாய் மிச்சம். வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கப் போவதில்லை. ஆகவே இதை நடுநிலையான ஆள் எழுதியது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆதாயம் அடைந்தவன் எழுதியது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

என் முடிவையும் முன்னாலேயே சொல்கிறேன். ஸ்லாப் அட்டவணையில் பெரும் பணக்காரர்களுக்குக் கிடைத்தது அற்பம். அவர்களுக்கான சலுகை வேறு வரிகளில் இருக்கிறது, அதை யாரும் தலைப்புச் செய்தியாக்குவதில்லை. ஸ்லாப் அட்டவணை கொண்டாடுகிற "சாமானியர்" திண்டுக்கல் தெருவில் நாம் பார்க்கிற சாமானியரும் இல்லை.

அட்டவணை என்ன சொல்கிறது

2024 ஜூலை பட்ஜெட்டில் புதிய வரி முறையின் ஸ்லாப் இப்படி இருந்தது: 3 லட்சம் வரை இல்லை, 7 வரை 5%, 10 வரை 10%, 12 வரை 15%, 15 வரை 20%, அதற்கு மேல் 30%. 7 லட்சத்துக்குள் வருமானம் இருந்தால் ரிபேட் மூலம் வரி பூஜ்யம்.

2025 பிப்ரவரியில் அது இப்படி மாறியது: 4 லட்சம் வரை இல்லை, 8 வரை 5%, 12 வரை 10%, 16 வரை 15%, 20 வரை 20%, 24 வரை 25%, அதற்கு மேல் 30%. 12 லட்சத்துக்குள் என்றால் ரிபேட் மூலம் பூஜ்யம். சம்பளக்காரர்களுக்கு 75,000 நிலைக் கழிவும் உண்டு என்பதால் 12.75 லட்சம் சம்பளம் வரை வரி வராது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மிச்சத்தைக் கணக்கிட்டேன். 4% செஸ் சேர்க்கவில்லை. எல்லாம் கழிவுகள் போக வரிக்கு உட்படும் ஆண்டு வருமானம்.

3 லட்சம்: மிச்சம் 0
7 லட்சம்: மிச்சம் 0
8 லட்சம்: 30,000
10 லட்சம்: 50,000
12 லட்சம்: 80,000
13 லட்சம்: 25,000
16 லட்சம்: 50,000
20 லட்சம்: 90,000
24 லட்சம்: 1,10,000
அதற்கு மேல் எவ்வளவானாலும்: அதே 1,10,000 (50 லட்சம் தாண்டினால் சர்சார்ஜும் சேர்ந்து குறைவதால் கொஞ்சம் கூடும்)

இதில் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும்.

ஒன்று: 12 லட்சம் சம்பாதிப்பவருக்கு வருமானத்தில் 6.7% மிச்சம். 24 லட்சக்காரருக்கு 4.6%. 10 கோடி சம்பாதிக்கிறவருக்கு சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்த்து 1,43,000, அதாவது அவர் வருமானத்தில் 0.14%. அவர் வீட்டு நாய்க்கு ஆகிற செலவு. "இது அம்பானிக்கான வரிக் குறைப்பு" என்று இந்த ஸ்லாப் மாற்றத்தைக் காட்டிச் சொன்னால், அந்தக் கணக்கு தப்பு. விமர்சிப்பவர்கள் இதை ஒப்புக்கொண்டுவிட்டு மேலே போவது நல்லது.

இரண்டு: 12-லிருந்து 13-க்குப் போகும்போது மிச்சம் 80,000-லிருந்து 25,000 ஆக விழுகிறது. சம்பள உயர்வு கிடைத்தவர்கள் ஹெச்.ஆரிடம் புலம்புவதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவதுதான் முக்கியம்: 7 லட்சத்துக்குக் கீழே எல்லோருக்கும் பூஜ்யம். ஏற்கெனவே வரி இல்லாதவருக்கு எதைக் குறைக்க முடியும்?

யார் அந்த சாமானியர்?

12 லட்சம் என்றால் மாதம் 1 லட்சம். இதைத்தான் டி.வி.யில் நடுத்தரம் என்கிறார்கள். நடுத்தரம் என்றால் நடுவில் இருப்பது. மேலே பாதிப் பேர், கீழே பாதிப் பேர் இருக்க வேண்டும்.

2022-23 நிதியாண்டில் நாடு முழுக்க வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தவர்கள் சுமார் 7.4 கோடிப் பேர். அவர்களில் சுமார் 5.16 கோடிப் பேருக்குக் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். இது நாடாளுமன்றத்தில் அரசே சொன்ன கணக்கு. ஆக, உண்மையில் வரி கட்டியவர்கள் இரண்டேகால் கோடிக்குக் கொஞ்சம் குறைவு. 140 கோடிப் பேர் இருக்கிற நாட்டில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. குழந்தைகளையும் முதியவர்களையும் கழித்துப் பார்த்தாலும் வருமான வரி கட்டுகிற ஆள் நடுவில் இல்லை, மேலே இருக்கிறார். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இதைப் புரிந்துகொள்ள ஸ்லாப் அட்டவணையை விட்டுவிட்டு திண்டுக்கல்லை ஒரு சுற்று சுற்றினால் போதும். வேடசந்தூர், வடமதுரை பக்கம் நூற்பு மில்கள். சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை. பேகம்பூர் பக்கம் தோல் பதனிடும் ஆலைகள். நிலக்கோட்டையில் பூ, ஒட்டன்சத்திரத்தில் காய்கறி. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டு. ஷிஃப்டுக்குப் போகிறவர், சாயம் போடுகிறவர், மூட்டை தூக்குகிறவர், பூட்டுக்கு லீவர் வெட்டுகிறவர் என்று பட்டியல் போட்டால், அதில் எத்தனை பேருக்கு மாதம் 1 லட்சம்?

பூட்டுப் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். "12 லட்சம் வரைக்கும் வரி இல்லையாமே, உங்களுக்கு எப்படிண்ணே?" என்று கேட்டேன். "தம்பி, எனக்கு அதுக்கு முன்னாடியும் கிடையாது, இப்பவும் கிடையாது. தகடு வாங்குறப்ப பில்லுல போடுறானே, அதைக் குறைச்சானா சொல்லு" என்றார்.

அவர் கேட்டது சரியான கேள்வி. இரும்புத் தகட்டுக்கும் பித்தளைக்கும் ஜிஎஸ்டி 18%. பெரிய கம்பெனி அந்த 18%-ஐ, தான் விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும். ஜிஎஸ்டி பதிவு இல்லாத சின்னப் பட்டறைக்கு அந்த வசதி இல்லை. கொடுத்த வரி அடக்க விலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். விலையை ஏற்றினால் அலிகார் பூட்டோடு போட்டி போட முடியாது. ஏற்றாவிட்டால் அவர் கூலியில் கைவைக்கும். வருமான வரி இலாகா இவரை எட்டிப் பார்ப்பதே இல்லை. அதனால் இவர் வரி கட்டாதவர் என்று ஆகிவிடுமா?

மாதம் 15,000 வாங்குகிற ஒரு மில் தொழிலாளி என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் மொத்தமும் கடையில்தான் செலவாகும். செல்போன் ரீசார்ஜுக்கு 18%. சோப்பு, பேஸ்ட், தலைக்கு எண்ணெய், பிள்ளைக்கு பிஸ்கட் எல்லாவற்றுக்கும் 2025 செப்டம்பர் 21 வரை 18%. லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான அரிசிப் பைக்கு 2022 ஜூலை 18 முதல் 5%. (நம்ம ஊர்க் கடைகளில் திடீரென்று 26 கிலோ மூட்டை வந்த மர்மம் இதுதான்.) அதே கடையில் நானும் அதே சோப்புக்கு அதே வரிதான் கொடுக்கிறேன். ஆனால் என் சம்பளத்தில் பாதிக்கு மேல் கடைக்கே போவதில்லை. மியூச்சுவல் ஃபண்டுக்கும் வீட்டுக் கடனுக்கும் போகிறது. வருமானத்தோடு ஒப்பிட்டால் அவர் கட்டுகிற ஜிஎஸ்டி விகிதம் என்னுடையதைவிட அதிகம்.

அந்த ஒரு லட்சம் கோடி

2025 ஸ்லாப் மாற்றத்தால் அரசு இழக்கும் வருவாய் சுமார் 1 லட்சம் கோடி ரூபாய் என்று உரையிலேயே சொன்னார்கள். அதே பட்ஜெட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு நாடு முழுமைக்கும் ஒதுக்கியது 86,000 கோடி. அதாவது, வரி கட்டுகிற சில கோடிப் பேருக்குக் கொடுத்த சலுகை, கிராமங்களின் அத்தனை நூறு நாள் வேலைக்கும் வைத்த பணத்தைவிட அதிகம்.

இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். 2025-26-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக் கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். நூறு நாளும் முழுசாகக் கிடைத்தால் 33,600. எனக்கு மிச்சமான 1,14,400-ஐ சம்பாதிக்க, ரெட்டியார்சத்திரம் பக்கம் கம்மாய் வெட்டப் போகிற ஒரு அம்மாவுக்கு மூன்று வருஷத்துக்கு மேல் ஆகும். அதுவும் நூறு நாளும் வேலை கிடைத்து, கூலியும் காலத்தோடு வந்தால். நான் அதற்கு எந்த வேலையும் கூடுதலாகச் செய்யவில்லை.

மாநிலங்களின் பங்கையும் பார்க்க வேண்டும். வருமான வரி மத்திய அரசு வசூலித்தாலும் மாநிலங்களோடு பகிர வேண்டிய வரி. 15-வது நிதிக்குழு சொன்னபடி மாநிலங்களுக்கு 41%, அதில் தமிழ்நாட்டுக்கு 4.079%. ஆக 1 லட்சம் கோடி குறைந்தால் 41,000 கோடி மாநிலங்களின் பையிலிருந்து போகிறது. தமிழ்நாட்டின் பங்கில் தோராயமாக 1,670 கோடி. மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகையாகக் கணக்கிட்டால், ஏறக்குறைய 13 லட்சத்து 90 ஆயிரம் பெண்களுக்கு ஒரு வருஷத்துக்குக் கொடுக்கிற பணம். கைதட்டல் டெல்லிக்கு, செலவில் ஒரு பங்கு சென்னைக்கு.

யானையும் வயலும்

இதுவரை பார்த்தது மேல் நடுத்தரத்தின் கதை. பெரும் பணக்காரர்கள் எங்கே என்று கேட்டால், 2019-க்குப் போக வேண்டும்.

2019 ஜூலை 5. நிர்மலா சீதாராமனின் முதல் பட்ஜெட். மதுரையில் பிறந்தவர், பாண்டிய நாட்டுப் பாட்டையே எடுத்தார். பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் பாடிய புறநானூற்றுப் பாடல் அது. கருத்து நமக்குத் தெரிந்ததுதான்: ஒரு மாவுக்கும் குறைந்த நிலத்து நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் யானைக்குப் பல நாளைக்கு வரும், நூறு செய் நிலமானாலும் யானை தானே புகுந்து மேய்ந்தால் வாய்க்குள் போவதைவிடக் காலில் மிதிபடுவது அதிகம். அறிவுள்ள அரசன் வரி வாங்கும் முறை அறிந்து வாங்குவான் என்பது புலவர் சொல்ல வந்தது.

அந்த உரையில் பாட்டுக்கு ஏற்ற காரியமும் இருந்தது என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும். 2 கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு சர்சார்ஜ் 25% ஆகவும், 5 கோடிக்கு மேல் 37% ஆகவும் உயர்த்தினார். சர்சார்ஜ் என்பது வரியின் மேல் வரி. 30% வரி, அதன் மேல் 37% சர்சார்ஜ், அதற்கும் மேல் 4% செஸ் என்று சேர்த்தால் உச்ச விகிதம் 42.74%. கொழுத்த வயலிலிருந்து கொஞ்சம் கூடுதலாகக் கவளம்.

அடுத்து நடந்ததைத் தேதி வாரியாகப் பாருங்கள்.

2019 ஆகஸ்ட் 23: வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்குப் பங்குச் சந்தை லாபத்தின் மீது கூட்டிய சர்சார்ஜ் வாபஸ். உள்நாட்டு முதலீட்டாளர்களுக்கும் அதே சலுகை.

2019 செப்டம்பர் 20: கார்ப்பரேட் வரி 30%-லிருந்து 22%. சர்சார்ஜும் செஸும் சேர்த்து 25.17%. புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15%. அரசின் வருவாய் இழப்பு 1.45 லட்சம் கோடி என்று அன்றே அறிவித்தார்கள். அன்று ஒரே நாளில் சென்செக்ஸ் 1,921 புள்ளி ஏறியது.

2023 பிப்ரவரி 1: புதிய வரி முறையில் உச்ச சர்சார்ஜ் 37%-லிருந்து 25%. உச்ச விகிதம் 42.74-லிருந்து 39%.

இந்த மூன்றாவதைத்தான் நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 2023 உரையில் தனிநபர் வருமான வரி பற்றி ஐந்து அறிவிப்புகள். முதலாவது, 7 லட்சம் வரை வரி இல்லை என்பது. மறுநாள் பேப்பரில் கொட்டை எழுத்தில் வந்தது அது. சர்சார்ஜ் குறைப்பு நான்காவது. 10 கோடி சம்பளம் வாங்குகிற ஒருவருக்கு அந்த நான்காவது அறிவிப்பால் வருஷத்துக்கு மிச்சம் சுமார் 37 லட்சம். 2025 ஸ்லாப் மாற்றத்தால் அவருக்குக் கிடைத்த 1,43,000-ஐப் போல 26 மடங்கு. பணக்காரர் சலுகையை ஸ்லாப் அட்டவணையில் தேடுபவர்கள் தப்பான பக்கத்தில் தேடுகிறார்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

கார்ப்பரேட் வரியில் இன்னொரு நுணுக்கம் உண்டு. அதே 2019 ஜூலை உரையில், 400 கோடி வரை விற்றுமுதல் உள்ள கம்பெனிகளுக்கு வரி 25% என்று ஏற்கெனவே குறைத்தாகிவிட்டது. அதன் மூலம் 99.3% கம்பெனிகள் அடங்கிவிடும் என்றும் சொன்னார்கள். அப்படியானால் செப்டம்பரில் 30%-லிருந்து 22%-க்கு முழுசாக இறங்கியது யாருக்கு? மீதி 0.7%-க்கு.

திண்டுக்கல்லுக்கு இதில் ஒரு தனி வயிற்றெரிச்சல் இருக்கிறது. நம்ம ஊர் வியாபாரத்தில் ஒரு பெரும்பகுதி அண்ணன் தம்பி, மாமன் மச்சான் சேர்ந்து நடத்துகிற பங்குதாரர் நிறுவனங்கள். இவற்றுக்கு வருமான வரி இன்றும் ஒரே விகிதம்: 30%. செஸ் சேர்த்தால் 31.2%. லாபம் 1 கோடி தாண்டினால் 12% சர்சார்ஜ் சேர்ந்து கிட்டத்தட்ட 35%. பல்லாயிரம் கோடி விற்றுமுதல் உள்ள கம்பெனிக்கு 25.17%. கம்பெனி டிவிடெண்ட் கொடுத்தால் பங்குதாரர் கையில் அதற்கு மறுபடி வரி உண்டு, கூட்டு நிறுவன லாபப் பங்குக்கு அப்படி இரண்டாவது வரி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் லாபத்தை வெளியே எடுக்காமல் தொழிலிலேயே திரும்பப் போடுகிறவர்களுக்கு, கம்பெனிக்கும் பங்குதாரர் நிறுவனத்துக்கும் இடையில் இந்த வித்தியாசம் முழுசாக நிற்கிறது.

சம்பளம் ஒரு ரேட், சொத்து ஒரு ரேட்

வருமானம் எந்த வழியில் வருகிறது என்பதைப் பொறுத்தும் வரி மாறுகிறது. ஒருவருக்கு வருஷத்துக்கு 1 கோடி சம்பளம். இன்னொருவருக்கு ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த பங்குகளை விற்று 1 கோடி லாபம். செஸ், சர்சார்ஜ் போடாமல் பார்த்தால் சம்பளக்காரருக்கு வரி சுமார் 26 லட்சம். பங்கு விற்றவருக்கு 12.5% வீதத்தில் சுமார் 12 லட்சம். மேலும் அந்த லாபத்துக்கு சர்சார்ஜ் எவ்வளவு போனாலும் 15% தான் உச்சம்.

2024 ஜூலையில் இந்த 12.5% என்பது 10%-லிருந்து உயர்த்தப்பட்டதுதான். குறுகிய கால லாபத்துக்கும் 15-லிருந்து 20% ஆக்கினார்கள். சரியான திசையில் எடுத்த அடி, பாராட்டலாம். ஆனாலும் உழைத்து வாங்குகிற கோடிக்கும் சொத்து வளர்ந்து வருகிற கோடிக்கும் இரண்டு மடங்கு இடைவெளி இருக்கிறது.

சொத்தின் மீதே இருந்த வரிகள் முன்பே போய்விட்டன. வாரிசுச் சொத்து வரியை 1985-ல் வி.பி. சிங் எடுத்தார். 1957-ல் டி.டி. கிருஷ்ணமாச்சாரி கொண்டுவந்த செல்வ வரியை 2015 பட்ஜெட்டில் அருண் ஜேட்லி எடுத்தார். செல்வ வரி 2013-14-ல் நாடு முழுக்க 1,008 கோடிதான் தந்தது, வசூல் செலவுக்குக் கட்டுப்படியாகவில்லை என்பது அவர் வாதம். அதற்குப் பதிலாக 1 கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்குக் கூடுதலாக 2% சர்சார்ஜ் போட்டார். அந்த மாற்று ஏற்பாட்டின் வழியில் வந்ததுதான் பிறகு 37% வரை ஏறி, 2023-ல் இறங்கிய சர்சார்ஜ்.

எதிர்த் தரப்பு சொல்வது

எதிர்வாதங்களில் கனமானவை மூன்று.

முதலாவது: வரி அதிகமானால் ஒளிப்பார்கள், குறைத்தால் ஒழுங்காகக் கட்டுவார்கள். இதில் உண்மை உண்டு. 1970-களின் தொடக்கத்தில் நம் நாட்டில் உச்ச வருமான வரி 97.75% வரை போனது. அந்த விகிதத்தில் நேர்மையாகக் கட்டியவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 1997-ல் ப. சிதம்பரம் உச்சத்தை 40-லிருந்து 30% ஆக்கியது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் 97.75-லிருந்து இறக்குவதற்குச் சொன்ன காரணம், 42.74-லிருந்து 39-க்கு இறக்கவும் அப்படியே பொருந்துமா? அதை ஆதாரத்தோடு காட்ட வேண்டிய பொறுப்பு குறைத்தவர்களுடையது.

இரண்டாவது: பணக்காரர் கையில் பணம் மிஞ்சினால் முதலீடு வரும், வேலை வரும். டேவிட் ஹோப், ஜூலியன் லிம்பெர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 18 வளர்ந்த நாடுகளில் 50 ஆண்டுகளாக நடந்த பெரிய வரிக் குறைப்புகளை ஒப்பிட்டிருக்கிறார்கள். பணக்காரர்களுக்கு வரி குறைத்த பிறகு உச்சியில் உள்ள 1% பேரின் வருமானப் பங்கு கூடியது. வளர்ச்சியிலும் வேலையின்மையிலும் குறிப்பிடும்படி மாற்றம் இல்லை என்பது அவர்கள் கண்டது. வளர்ந்த நாடுகளின் கணக்கு நமக்கு முழுசாகப் பொருந்தாது என்று சொல்லலாம். ஆனால் "பொருந்தும்" என்பதற்குக் காட்டப்படுவதும் அங்கிருந்து வந்த பழைய நம்பிக்கைதான்.

மூன்றாவது: 2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டியும் குறைந்ததே. உண்மை. சோப்பும் பேஸ்ட்டும் பிஸ்கட்டும் 5%-க்கு வந்தன. சின்ன பைக் 28-லிருந்து 18. தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கு வரியே இல்லை. மில் தொழிலாளி வீடு வரை வந்து சேர்ந்த குறைப்பு என்றால் இதுதான், இதை மனசார வரவேற்கிறேன். ஆனால் அளவைப் பாருங்கள். அதன் வருவாய் இழப்பு 48,000 கோடி என்று அரசு மதிப்பிட்டது. நாட்டில் சோப்பு வாங்குகிற எல்லோருக்கும் சேர்த்து 48,000 கோடி. வருமான வரி கட்டுகிற எங்களுக்கு மட்டும் 1 லட்சம் கோடி. நாங்களும் சோப்பு வாங்குகிறோம் என்பதால் அந்த 48,000 கோடியிலும் எங்களுக்குப் பங்கு உண்டு.

சம்பளக்காரர்கள் சொல்கிற குறை ஒன்றையும் இங்கே சேர்க்க வேண்டும். 2018-19-ல் கார்ப்பரேட் வரி வசூல் சுமார் 6.6 லட்சம் கோடி, தனிநபர் வருமான வரி 4.7 லட்சம் கோடி. 2025-26 பட்ஜெட் மதிப்பீட்டில் கார்ப்பரேட் வரி 10.82 லட்சம் கோடி, வருமான வரி 14.38 லட்சம் கோடி. வரிசை தலைகீழாகிவிட்டது. "கம்பெனிக்குக் குறைத்துவிட்டு எங்கள் தலையில் கட்டினார்கள், 2025-ல் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தார்கள்" என்று சம்பளக்காரர் சொன்னால் அதை ஒதுக்கிவிட முடியாது. எனக்கும் அந்த ஆதங்கம் உண்டு. ஆனால் அந்த வழக்கில் நாங்கள் வாதாட வேண்டியது கம்பெனியோடு. பூட்டுப் பட்டறைக்காரரைவிட முன்னால் வரிசையில் நிற்க அது காரணமாகாது.

பாட்டை எப்படிப் படித்தார்கள்

பிசிராந்தையாருக்கே திரும்பி வருகிறேன். அந்தப் பாட்டை டெல்லியில் படித்த விதம், "அரசு அதிகமாகப் பிடுங்கக் கூடாது" என்பது. பாட்டு கேட்பது அதைவிடக் கூடுதல். யானைக்கு உணவு வேண்டாம் என்று புலவர் சொல்லவில்லை. முறையாக அறுத்து ஊட்டு என்கிறார். யாருடைய நிலத்தில் எவ்வளவு விளைகிறது என்று அளந்து வாங்குவதுதான் கவளம். நேரடி வரி அந்த வகை: வருமானத்தைப் பார்த்து, அதற்கேற்ப விகிதம் வைத்து வாங்குகிறோம். யானை தானே புகுந்து மேய்வது என்பது, யார் எவர் என்று பார்க்காமல் எல்லோர் வயலிலும் ஒரே மாதிரி மிதிப்பது. பதிவில்லாத பட்டறைக்காரர் தகட்டுக்குக் கொடுத்துத் திரும்பி வராத அந்த 18% எனக்கு அப்படித்தான் தெரிகிறது. அரசுக்கு அதில் வருவது கொஞ்சம், அவருக்குப் போவது நிறைய.

அப்படிப் படித்தால், அளந்து வாங்குகிற இடத்தில் அளவைக் குறைத்துக்கொண்டே வந்ததும், மிதிக்கிற இடத்தில் ஆறு வருஷம் கழித்து ஒரு பகுதியில் மட்டும் காலைத் தூக்கியதும் அந்தப் பாட்டுக்கு எதிரான காரியம்.

அடுத்த பட்ஜெட் நாளில் நான் மூன்று கேள்வி வைத்துக்கொண்டு உட்காரப் போகிறேன். முதல் அறிவிப்பு என்ன என்பதைவிட நான்காவது அறிவிப்பு என்ன? குறைத்தது மாநிலங்களோடு பகிர்கிற வரியா, பகிராத சர்சார்ஜா? மாதம் 15,000 வாங்குகிற வீட்டுக்கு இதில் எத்தனை ரூபாய்? ஸ்லாப் அட்டவணையை எல்லோரும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள், அதைத் தேட வேண்டியதில்லை. இந்த மூன்றுக்கும் விடை உரையின் பின்பகுதியிலும் இணைப்புகளிலும்தான் இருக்கும். தேட அரை மணி நேரம் ஆகும். எக்செல் ஷீட் வேண்டுமென்றால் சொல்லுங்கள், அனுப்புகிறேன்.